பிஸ்கட் நிறமும் மணல் நிறமும்

மூத்த மருமகளைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்க வைத்துவிட்டு, போன வாரம் நம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், கையில் கரண்டி, காதில் கொழுந்தனின் குரல். "வீடு எப்ப சார் காலியாகும்? நானும் என் மனைவியும்தான், சின்னதா இருந்தா போதும்" என்று அவன் யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் கரண்டியைக் கீழே போடவில்லை. மயங்கி விழவும் இல்லை. அடுப்பை அணைத்தாள், அவ்வளவுதான்.

அடுப்பை அணைத்தவள் வாயையும் பூட்டிக்கொண்டாள் என்பதுதான் அதிசயம். எதையும் முகத்துக்கு நேரே பட்டென்று கேட்கிறவள் அவள். அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டுத் தையலைக் குறை சொல்கிற வாடிக்கையாளர்களை வாசலிலேயே நிற்க வைத்து வறுத்தெடுக்கிறவள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் கொழுந்தனிடமும் கேட்கவில்லை, அவன் மனைவியிடமும் கேட்கவில்லை. கேட்டால், "ஆமாம், போகிறோம்" என்று பதில் வந்துவிடுமே! கேட்காதவரைக்கும் அவர்கள் போகவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

கேட்பதற்குப் பதிலாக அவள் ஒரு காரியம் செய்தாள். பெயின்டரை வரச் சொன்னாள்.

"இப்ப எதுக்கு அவங்க ரூமுக்குப் பெயின்ட்?" என்றார் அவள் கணவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதற்கும் காரணம் கேட்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

"அந்தப் பச்சையைப் பார்த்தா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. அந்தப் பொண்ணு இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து ஒரு குறையும் சொல்லாம அதுக்குள்ளயே தூங்கி எந்திரிக்கிறா. நல்ல நிறமா அடிச்சுக் குடுத்தா, இருக்கிறவங்களுக்கு இருக்கணும்னு தோணும்ல?"

"பெயின்ட்டுக்காக யாராவது ஒரு வீட்டுல இருப்பாங்களா?"

"நீங்க இருக்க மாட்டீங்க. உங்களுக்கு நாலு சுவரும் ஒரு நாற்காலியும் போதும். எல்லாரும் உங்களை மாதிரியா?"

வாத்தியார் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். வீட்டில் சமாதானம் நிலவ அவர் கண்டுபிடித்த வழி அது.

ஆக, சனிக்கிழமை காலையில் பெயின்டர் வந்து இறங்கினார். சின்னவர்களின் அறையில் கட்டிலை நடுவில் இழுத்துப் போட்டு, மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தினார். மூத்தவள் நிறப் புத்தகத்தை முன்பே வாங்கி, புரட்டிப் புரட்டி ஓரமெல்லாம் கசங்கிய பிறகு இரண்டு நிறங்களில் வந்து நின்றிருந்தாள். இரண்டுமே வெள்ளைக்கும் பழுப்புக்கும் நடுவில் எங்கேயோ இருந்தன. டீயில் பால் கொஞ்சம் தாராளமாகவே விழுந்துவிட்ட மாதிரி. புத்தகத்தில் அவற்றுக்கு ஏதேதோ பெயர் போட்டிருந்தது. அதெல்லாம் வாயில் நுழையாது என்று சொல்லி, ஒன்றுக்குப் பிஸ்கட், இன்னொன்றுக்கு மணல் என்று அவளே பெயர் வைத்துவிட்டாள்.

பெயின்டர் சின்ன டப்பாக்கள் இரண்டைத் திறந்து, பச்சைச் சுவரிலேயே பக்கத்தில் பக்கத்தில் ஒவ்வொரு பட்டை இழுத்தார்.

மூத்தவள் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "என்னது, ரெண்டும் ரோஸ் அடிக்குது?"

வாத்தியார் தலையை நீட்டினார். "ரெண்டும் ஒண்ணுதானே? ஒரே பெயின்ட்டை ரெண்டு டப்பால ஊத்தி வித்துட்டானா?"

"நீங்க போய் பேப்பர் படிங்க."

அப்போதுதான் இளையவள் உள்ளே வந்தாள். தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள். கையில் இரண்டு வெள்ளை அட்டைகள், ஒரு சாம்பல் அட்டை.

இவளை முதல்முறையாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவள் பீங்கானைக் குழைத்து, அடுக்கடுக்காகப் பூசி, சூளையில் சுட்டு, பல் ஆக்கி அனுப்புவாள். அந்தப் பல் வாயில் ஏறினால் பக்கத்துப் பல்லுக்கே சந்தேகம் வரக் கூடாது. உலகத்தில் வெள்ளை என்று ஒரு நிறமே கிடையாது, மஞ்சள் கலந்தது, சாம்பல் கலந்தது, சிவப்பு கலந்தது என்றுதான் உண்டு என்பது அவள் கட்சி.

"வேலைக்குப் போகலையா?" என்றாள் மூத்தவள்.

"லீவு போட்டுட்டேன்க்கா. நிறம் பார்க்கணும்னா பகல் வெளிச்சத்துலதான் பார்க்கணும்."

மூத்தவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. லீவு போட்டுவிட்டு அறைக்கு நிறம் பார்க்கிறவள் எங்கே போகப்போகிறாள்? கொழுந்தன் யாருக்காவது, ஆபீஸ் நண்பனுக்காவது, வீடு விசாரித்திருப்பான். 'என் மனைவி' என்று சொன்னானே என்று மனது இடக்காகக் கேட்டது. அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"சுவத்துல பார்க்கக் கூடாதுக்கா" என்றாள் இளையவள். "பச்சைக்குப் பக்கத்துல எதை வெச்சாலும் ரோஸாத்தான் தெரியும். அது நிறத்தோட தப்பு இல்ல, பச்சை பண்ற வேலை. அண்ணே, இந்த அட்டைல அடிச்சுக் குடுங்க. ஓரத்துல வெள்ளை கொஞ்சம் விட்டுடுங்க. ரெண்டு கோட்டிங் அடிங்க, நல்லா காயட்டும். ஈரத்துல பார்த்தா ஏமாந்துடுவோம்."

பெயின்டர் அடித்தார், காய்ந்தது. இளையவள் அட்டைகளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றாள். பிறகு தயக்கமாகத் திரும்பினாள்.

"அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. கொஞ்சம் வெளியில நிக்கிறீங்களா?"

"ஏம்மா?"

"உங்க சட்டை."

பெயின்டர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். கிழியவில்லை, பொத்தானும் சரியாகத்தான் இருந்தது.

"சிவப்பா இருக்குண்ணே. வெயில் அதுல பட்டு அட்டைல அடிக்குது."

பெயின்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பெயின்ட் சரியில்லைன்னு திட்டியிருக்காங்க. சட்டையைப் பார்த்து வெளியில போகச் சொன்னது நீதான்மா!" என்று சொல்லிக்கொண்டே, டீ குடிக்க ஒரு சாக்கு கிடைத்த சந்தோஷத்தில் போய்விட்டார்.

"இப்பப் பாருங்கக்கா. ஆனா முறைச்சுப் பார்க்காதீங்க. அஞ்சு எண்ணுறதுக்குள்ள கண்ணை எடுத்துடணும்."

"அதுக்கு மேல பார்த்தா?"

"கண்ணு சமாதானமாயிடும். ரெண்டும் ஒண்ணுதான், விடுன்னு சொல்லிடும். எடுத்த உடனே இந்தச் சாம்பல் அட்டையைப் பாருங்க. கண்ணு கொஞ்சம் இளைப்பாறட்டும். அப்புறம் மறுபடி பாருங்க."

மூத்தவள் பார்த்தாள். எடுத்தாள். சாம்பலைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

அடேயப்பா!

யாரோ திரையை விலக்கிவிட்டது போல இரண்டும் தனித்தனியே வந்து நின்றன. பிஸ்கட் உள்ளுக்குள் மெல்லச் சிவந்திருந்தது, வெட்கப்பட்ட கன்னம் மாதிரி. மணலில் அந்தச் சிவப்பு துளியும் இல்லை. வெயிலில் காய்ந்து அடங்கிப்போன நிறம். இவ்வளவு வித்தியாசத்தை வைத்துக்கொண்டா இத்தனை நேரம் ஒன்று போலப் பாசாங்கு செய்தன!

"இதையெல்லாம் உனக்கு யார் சொல்லித் தந்தா?"

"பல்லுதான்" என்று சிரித்தாள் இளையவள்.

மூத்தவளும் லேசுப்பட்டவள் இல்லை. நூல் டப்பாவைத் திறந்தால் கண்ணை மூடிக்கொண்டு சரியான நூலை எடுப்பாள் என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். நிறத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவளுக்கு ஒரு மிதப்பு உண்டு. ஆனால் இந்தப் பெண்ணுக்கு முன்னால் மட்டும் அந்த மிதப்பை இறக்கி வைப்பதில் அவளுக்குக் கஷ்டமே இல்லை. காரணம் அவள் வாயிலேயே இருந்தது. நூலைக் கத்தரிக்காமல் பல்லால் கடித்துக் கடித்து, ஒரு நாள் முன்பல் ஒன்று விண்டு போயிற்று. இனி சிரித்த மாதிரிதான் என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தபோது, இளையவள் ஜன்னலோரம் நிற்க வைத்து, உதட்டுச் சாயத்தைத் துடைக்கச் சொல்லி, நிறம் பார்த்துப் போனாள். வந்து சேர்ந்த பல்லில் ஓரத்தில் ஒரு மெல்லிய மஞ்சள் கோடுகூட இருந்தது. "உங்க பக்கத்துப் பல்லுல இருக்கேக்கா, இதுல மட்டும் இல்லைன்னா தனியாத் தெரியும்" என்றாள். இன்றுவரை வாத்தியாருக்கு எந்தப் பல் புதிது என்று தெரியாது. இத்தனைக்கும் தினமும் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்.

அந்தக் கையை நினைத்தால் மூத்தவளுக்கு இப்போதும் மலைப்பாக இருக்கும். எவ்வளவு சின்ன விரல்கள், எவ்வளவு பெரிய பொறுமை!

மத்தியானம் வரை இரண்டு அட்டைகளும் அறைக்குள் ஊர்வலம் போயின. ஜன்னல் சுவரில், கதவு மூலையில், அலமாரிக்குப் பக்கத்தில். இளையவள் ஒவ்வொரு இடத்திலும் பார்த்தாள், கண்ணை எடுத்தாள், பார்த்தாள். நடுவில் ஒரு தடவை நடைபாதைக்குப் போனாள்.

நடைபாதை என்றால் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு. மூத்தவளின் தையல் மெஷின் அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் உடம்பைத் திருப்பி, ஒருக்களித்துத்தான் போக வேண்டும். வெளிச்சத்துக்குத் தலைக்கு மேலே ஒரு டியூப்லைட். இளையவள் அங்கே வெட்டுத்துணிக் கூடையைக் கிளறி, மெரூனில் ஒன்று, கருநீலத்தில் ஒன்று, கறுப்பில் ஒன்று என்று துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றாக அட்டைகளுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

திரைச்சீலைக்குப் பார்க்கிறாள்! மூத்தவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மனதுக்குள்ளேயே இரண்டு ஜன்னலுக்கும் அளவெடுத்து, உள்துணி வைத்து, மடிப்பு வைத்துத் தைத்து மாட்டியும் முடித்துவிட்டாள்.

சாப்பாட்டு வேளையில் வாத்தியார், "ரெண்டு டப்பாவுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்றார்.

"பார்க்கட்டும். நல்லா பார்க்கட்டும். போறவ இவ்வளவு பார்ப்பாளா?"

"யார் போறா?"

"யாரும் போகல. ரசத்தை ஊத்திக்குங்க."

சாயங்கால வெயில் மேற்கு ஜன்னல் வழியாக உள்ளே விழுந்தபோது மூத்தவளுக்குப் பொறுமை தீர்ந்தது. பிஸ்கட் அட்டையைத் தூக்கி இளையவளின் தலைக்குப் பின்னால் பிடித்தாள்.

பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தச் சிவந்த நிறம் பின்னால் நிற்க, வெயில் பக்கவாட்டில் பட, அந்த முகம் எவ்வளவு அழகாக இருந்தது! எப்போதும் லேப் வெளிச்சத்தில் வாடிக் கிடக்கிற முகம் அது. பச்சைச் சுவரும் சேர்ந்து அதைக் காய்ச்சல்காரி மாதிரி ஆக்கி வைத்திருந்ததே!

"உன் கல்யாண போட்டோல கூட நீ இவ்வளவு அழகா இல்லைடி. இதுதான் நிறம். முடிஞ்சுபோச்சு. பெயின்டரைக் கூப்பிடு."

இளையவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். ஆனால் தலையை ஆட்டினாள். "இல்லக்கா. மணல்."

"கண்ணாடியைப் பார்த்துட்டுச் சொல்லு."

"பிஸ்கட் அழகுதான். முகத்துக்கு நல்லது. ஆனா பக்கத்துல வர்றதையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கும். இந்த மெரூனைப் பாருங்க. பிஸ்கட்கிட்ட வெச்சா ஒரு மெரூன், வாசல்ல கொண்டுபோய்ப் பார்த்தா வேற மெரூன். மணல்கிட்ட வெச்சா வெளியிலயும் அதேதான். நூல் சேர்க்கிறப்ப தப்பே வராது."

"நூலா?" என்றாள் மூத்தவள். "திரைச்சீலைக்கு ஒரு நூலைப் போட்டுத் தைச்சாப் போச்சு. அதை யாரு பார்க்கப் போறா?"

இளையவள் துணித்துண்டை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"திரைச்சீலைக்கு இல்லக்கா. மெஷினை அந்த ஜன்னல்கிட்ட போட்டா உங்க இடது கைப்பக்கம் வெளிச்சம் விழும். வெட்டுற மேசைக்கு இந்தச் சுவர் சரியா இருக்கும். அளந்து பார்த்துட்டேன். அலமாரியைக் கூட நகர்த்த வேண்டாம்."

மூத்தவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

உண்மையைச் சொல்லிவிடுவோம், அவள் நமக்கு வேண்டியவள்தான், இருந்தாலும் சொல்லிவிடுவோம். அந்த ஒரு நிமிஷத்தில் அவள் கண்ணுக்கு முன்னால் அந்த அறை முழுசாக வந்து நின்றது. ஜன்னலோரம் மெஷின். கால் நீட்ட இடம். யாரும் ஒருக்களித்துக் கடந்து போகாத, கதவு போட்ட, தனக்கே தனக்கான ஓர் அறை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் யாரிடமும் கேட்காத ஆசை அது. நெஞ்சு குப்பென்று பொங்கிவிட்டது. பொங்கின கையோடு, அந்த அறை எப்படிக் காலியாகும் என்பதும் உறைத்தது. சீ, என்ன ஜென்மம் நான் என்று தன்னையே அறையலாம் போலிருந்தது.

"அப்ப நீ?" என்றாள்.

"லேப் ஊரோட அந்தக் கோடிக்கு மாறுதுக்கா. போக ரெண்டு பஸ், வர ரெண்டு பஸ். அவர் அங்கேயே ஒரு வீடு பார்த்திருக்காரு."

"எப்பச் சொல்றதா இருந்தே?"

"தினமும் சொல்லணும்னுதான் உங்க மெஷின்கிட்ட வந்து நிப்பேன். நீங்க ஏதாவது சொல்லிச் சிரிக்க வெச்சிடுவீங்க. அப்புறம் சொல்ல வாய் வராது. நீங்க பெயின்டரை வரச் சொன்னதும், சரி, போறதுக்கு முன்னாடி இந்த ஒண்ணையாவது உருப்படியாப் பண்ணிட்டுப் போகலாம்னு..." முடிக்காமல் மூக்கை உறிஞ்சினாள்.

மூத்தவள் கட்டிலின் பிளாஸ்டிக் விரிப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அது சரசரவென்று சத்தம் போட்டது. ஒரு வாரமாக இவளைப் பிடித்து வைக்க அவள் நிறம் தேடிக்கொண்டிருந்தாள். இவளோ, விட்டுப் போகிற அறையில் அக்காவின் கண்ணுக்கு எது நல்லது என்று பார்க்க ஒரு நாள் லீவு போட்டிருக்கிறாள். கூடப் பிறந்தவளுக்குக்கூட இப்படித் தோன்றுமா? எப்பேர்ப்பட்ட பெண் இவள்! இவளைப் பெற்றவர்கள் எந்தத் தவம் செய்தார்களோ. தன் வீட்டுக்கு இவள் வந்ததற்குத் தான் ஒன்றுமே செய்யவில்லையே என்று நினைத்தபோது மூத்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வாசலில் செருமல் சத்தம் கேட்டது. சிவப்புச் சட்டையை உள்ளே கொண்டுவரத் துணியாமல் பெயின்டர் அங்கேயே நின்றிருந்தார்.

"அம்மா, வெளிச்சம் போயிட்டிருக்கு. எந்த நிறம்னு சொன்னா கடைக்குப் போன் பண்ணிப் பெரிய டப்பா எடுத்து வைக்கச் சொல்லிடுவேன்."

"மணல்" என்றாள் இளையவள்.

"பிஸ்கட்" என்றாள் மூத்தவள்.

"அக்கா, உங்க வேலைக்கு அது..."

"எனக்கு நடைபாதை போதும். அங்கயே தைச்சுக்குறேன். இது உன் ரூம்."

இளையவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பிஸ்கட் அடிச்சா நான் இருந்துடுவேனாக்கா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

"பெயின்ட்டுக்காக யாரும் இருக்க மாட்டாங்கன்னு எங்க வாத்தியார்தான் சொல்லிட்டாரே." மூத்தவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். ஒரு வாரமாகப் பூட்டி வைத்திருந்தது இப்போது தானாகவே கிளம்பி வந்தது. "நானே கேக்குறேன். போகாத. ரெண்டு பஸ்ஸு, நாலு பஸ்ஸுன்னா உனக்கு எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். நான் கேக்குறது நியாயமே இல்ல. ஆனா நீ போயிட்டா நான் யார்கிட்ட பேசுவேன்? அந்தப் பேப்பர்கிட்டயா? இந்த ரூமைக் குடுத்துட்டு நீ போறதை விட, ஆயுசு முழுக்க நான் இடுக்குல உட்கார்ந்து தைப்பேன். இருந்துடுடி."

இளையவள் சுவரில் சாய்ந்திருந்த இரண்டு அட்டைகளையும் பார்த்தாள். ஐந்து எண்ணுவதற்குள் கண்ணை எடுக்கவும் இல்லை, சாம்பல் அட்டையைத் தேடவும் இல்லை.

பெயின்டர் மறுபடியும் செருமினார்.

"அண்ணே" என்றாள் இளையவள். "எந்த நிறமா இருந்தாலும் பச்சையை மறைக்க முதல்ல வெள்ளை ப்ரைமர் அடிக்கணும்தானே?"

"ஆமா, அதில்லாம எப்படி?"

"இன்னிக்கு அதை மட்டும் அடிங்க."

"நிறம்?"

"அப்புறம் சொல்றோம்."

பெயின்டர் தோளைக் குலுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வாளியில் ப்ரைமரை ஊற்றிக் கலக்கி, ரோலரை முக்கி, மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்தார். பச்சை மங்கியது. இரண்டாவது இழுப்பில் இன்னும் மங்கியது. இரண்டு ஓரகத்திகளும் கூடத்துக்கு வந்து நின்று, தோளோடு தோள் உரசப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இளையவள் போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள்.

"நான்தான். சாமான் ஏத்த வண்டி பேசப் போறேன்னீங்களே, பேசிட்டீங்களா?" அந்தப் பக்கம் அவன் ஏதோ சொல்ல, கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டாள். "சரி, அந்த ஆளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க... இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல... யாரும் எதுவும் சொல்லல..."

அவன் விடாமல் காரணம் கேட்டிருக்க வேண்டும். அண்ணனுக்குத் தம்பி அல்லவா? இளையவள் திரும்பி மூத்தவளின் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா கேட்டுட்டாங்க" என்றாள்.